சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்

நினைவாற்றல் வேறு, அறிவு வேறு. கேட்டதனைக் கேட்டவாறே திருப்பிச் சொல்லுதல் முன்னதன் தொழில். ஒரு சொல்லுக்கும் பிறிதொரு சொல்லுக்கும் உள்ள உறவினை ஆராய்ந்து, இதுவே பொருந்தும் எனத் துணிதல் பின்னதன் தொழில். கரிசற்காட்டூராகிய எமது மல்லாங்கிணற்றில், யாம் சிறுவராயிருந்த காலத்து, மாலைப்பொழுதில் திண்ணையிலமர்ந்து முதியோர் விடுகதை போடுவர். செய்யுட்களைப் பிழையற ஒப்பித்துப் பரிசு பெற்ற யாம் ஆங்கே வாய் திறவாதிருக்க, எழுத்தறியாப் பாட்டிமார் விடை கூறி நகுவர். அன்று எய்திய நாணமே, இவ்விரு பேறுகளையும் ஒருங்கே பெற்ற ஒரு பெரியாரின் வரலாற்றினை ஈண்டு எழுதத் தூண்டிற்று.

செய்குத்தம்பிப் பாவலர் நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் இஸ்லாமியக் குடியிற் பிறந்தார். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தமையின், பள்ளியில் மலையாளம் பயின்றார். பின்னர்ச் சங்கரநாராயண அண்ணாவி என்னும் ஆசிரியரை அடுத்துத் தமிழிலக்கண இலக்கியங்களைக் கற்றுத் தேர்ந்தார். இளமையிலேயே சென்னை சென்று, உமறுப் புலவரின் சீறாப்புராணத்திற்கு உரை வகுத்தார். இராமலிங்க அடிகளின் பாடல்கள் அருட்பாவே என்பாரும் அல்ல என்பாரும் வழக்கிட்ட காலத்தில், அருட்பாவே என்னும் கட்சியில் நின்று மேடைதோறும் வாதிட்டார்.

1907-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள், 33 வயது நிரம்புமுன்னரே, சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒருங்கே கவனித்து முடிக்கும் சதாவதானத்தை நிகழ்த்திச் சதாவதானி என்னும் பட்டம் பெற்றார். அவதானம் என்பது யாது? ஒருவர் மணியடிப்பர், ஒருவர் முதுகிற் கல்லெறிவர், ஒருவர் ஆண்டும் திங்களும் நாளும் கூறிக் கிழமை கேட்பர், ஒருவர் ஈற்றடி தந்து வெண்பாப் பாடுக என்பர். அனைத்தையும் மனத்திற் கொண்டு, இறுதியில் ஒவ்வொருவர்க்கும் பிழையின்றி விடை கூறல் வேண்டும். மணியும் கல்லும் எண்ணுதற்கு நினைவு போதும். வெண்பாவிற்கு அது போதாது.

இதற்குச் சான்றாக அவரது அவதான அரங்கில் நிகழ்ந்ததாக வழிவழி வழங்கும் செய்தி ஒன்று உண்டு. அவையிலிருந்த ஒருவர், துருக்கனுக்கு இராமனே துணை என்னும் பொருள்பட ஓர் ஈற்றடி கொடுத்தார். பாவலர் மறுப்பின் தோற்றவராவர். அவ்வாறே பாடின் தம் சமயத்தை விட்டவராவர். சினப்பின் அவையே இரண்டாய்ப் பிளவுபடும். பாவலரோ சிறிதும் கலங்கிலர். இராமன் என்ற அளவிலே தம்பியர் மூவரும் அவர் நினைவில் வந்து நின்றனர். பரதனையும் இலக்குவனையும் முன்னே வைத்து, ஈற்றடிக்கு முன்னர்ச் ‘சத்’ என்னும் ஒலி வந்து சேருமாறு பாடலை அமைத்தார். அம்மட்டிலே துருக்கன் சத்துருக்கன் ஆயினன். தம்பியர்க்குத் தமையனே துணை என்பது பொருளாயிற்று. கொடுத்த சொல்லில் ஓரெழுத்தும் குறையவில்லை. ஒருவர் மனமும் புண்படவில்லை.

பிரான்சிசு கால்டன் என்னும் ஆங்கில அறிஞர், 75 சொற்களை ஒவ்வொன்றாக நோக்கி, அவற்றால் தம்முள்ளத்தில் எவ்வெவ்வெண்ணங்கள் எழுகின்றன எனச் சோதித்து 1879-இல் வெளியிட்டார். ஒரு சொல் மற்றொன்றை அழைத்து வருதல் எவர்க்கும் இயல்பு. வந்தவற்றுள் தக்கதனைத் தேர்தலே அரிது. இராம கதை கற்றார் அனைவர்க்கும் சத்துருக்கன் பெயர் தெரியும். தெரிந்த பெயரை வேண்டிய நொடியில் வேண்டிய இடத்தில் வைத்தவர் பாவலரே.

பிற்காலத்தில் கதராடை உடுத்து நாட்டு விடுதலைக்கும் உழைத்த அவர், 1950-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13-ஆம் நாள் மறைந்தார். இந்திய அரசு 2008-இல் அவருருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.

தேர்வு நெருங்குங்கால் யாமெல்லாம் ஏடுகளை நெட்டுருச் செய்கின்றோம். அது தவறன்று, பாவலரும் மனனஞ் செய்தவரே. ஆயின் ஆராயப்படாத மனனம் நிலத்திற் புதைத்த தாலந்தினையே ஒக்கும். பகை மூட்டக் கொடுத்த சொல்லினின்றும் உறவினைக் காணவல்ல அறிவே கல்வியின் பயனாம் என்பதனைப் பாவலர் வாழ்க்கையினின்றும் யாம் கற்போமாக.