மியாசாவா கென்ஜி

மியாசாவா கென்ஜி (ஆகஸ்ட் 27, 1896 – செப்டம்பர் 21, 1933) ஜப்பானியக் கவிஞரும் சிறுவர் கதை எழுத்தாளரும் வேளாண் ஆசிரியரும் ஆவார். ஜப்பானின் வடகிழக்கே உள்ள இவாத்தே மாகாணத்தின் ஹனமாகி என்னும் ஊரில் பிறந்து, அங்கேயே மறைந்தார். இன்று ஜப்பானில் மிகவும் அறியப்பட்ட எழுத்தாளர்களுள் ஒருவராக விளங்கும் இவர், வாழ்ந்த காலத்தில் வெளியிட்ட நூல்கள் இரண்டே. ஹனமாகி வட்டாரத்தில் அன்று இவரை அறிந்தவர்கள் வேளாண் பள்ளி ஆசிரியராகவும் உரக் கணக்கு எழுதித் தருபவராகவுமே அறிந்திருந்தனர்.

இளமையும் கல்வியும்

கென்ஜியின் குடும்பம் அடகுக் கடையும் பழந்துணி வணிகமும் நடத்திய வசதியான குடும்பம். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் உழவர்கள் வீட்டுப் பொருட்களை அடகு வைக்க வருவதைப் பார்த்தே அவர் வளர்ந்தார். தம் வீட்டுச் செல்வம் அவர்களுடைய வறுமையிலிருந்து வந்தது என்னும் உறுத்தல் கடைசிவரை அவரை விடவில்லை. தந்தையுடன் சமயத்திலும் பிணக்கு இருந்தது. தந்தை தூய நிலப் பௌத்தத்தைப் பின்பற்ற, மகன் தாமரைச் சூத்திரத்தைப் போற்றும் நிச்சிரென் நெறியைத் தழுவினார்.

சிறு வயதிலேயே மலைகளில் அலைந்து கற்களைச் சேகரிப்பதில் ஆர்வம் கொண்டிருந்தார். 1915ஆம் ஆண்டு மொரியோக்கா வேளாண், வனவியல் உயர் பள்ளியில் சேர்ந்து மண்ணியல் பயின்றார். 1918இல் படிப்பை முடித்தபின் ஆய்வு மாணவராகத் தொடர்ந்து, சொந்த வட்டாரத்தின் மண்ணையும் பாறைகளையும் கள ஆய்வு செய்தார். அப்பகுதியின் மண் பெரும்பாலும் எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான அமில மண். அதில் பயிர் விளையச் சுண்ணாம்பு இட வேண்டும் என்பதை அவர் அப்போதே உணர்ந்தார். பின்னாளில் அவர் செய்த பணிகள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

வேளாண் பள்ளி ஆசிரியர்

1921ஆம் ஆண்டு தொடக்கத்தில் வீட்டை விட்டுத் தோக்கியோவுக்குச் சென்ற கென்ஜி, தங்கை தோஷியின் உடல்நலக் குறைவால் ஊர் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் ஹியெனுகி வட்டார வேளாண் பள்ளியில் ஆசிரியரானார். பட்டுப்புழு வளர்ப்புப் பயிற்சிக் கூடமாகத் தொடங்கிய மிகச் சிறிய பள்ளி அது. 1923இல் மாகாணப் பள்ளியாகித் தன் பெயரை ஹனமாகி வேளாண் பள்ளி என மாற்றிக்கொண்டு புதுக் கட்டடத்துக்கு இடம் பெயர்ந்தது.

இயற்கணிதம், ஆங்கிலம், வேதியியல், மண்ணியல், உரவியல், வானிலை, வயற்பயிற்சி என ஒருவரே பல பாடங்களை நடத்த வேண்டியிருந்தது. பாடநூலைப் பார்த்து வாசிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை என்று முன்னாள் மாணவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். மண்ணைப் பற்றிய பாடமாயின் மாணவர்களை மண் இருக்கும் இடத்துக்கே அழைத்துச் சென்றார். இசைத்தட்டுகளை வாங்கிக் குவிக்கும் பழக்கம் உடைய அவர், மேலை இசையை மாணவர்களுக்கும் கேட்கச் செய்தார். பள்ளிக்கென ஒரு பாடலும் எழுதினார்.

கித்தகாமி ஆற்றங்கரையில் வெண்ணிறக் களிப்பாறை வெளித்தெரியும் ஓரிடத்துக்கு, இங்கிலாந்தின் சுண்ணப்பாறைக் கரையை நினைவூட்டுவதாகக் கூறி, இங்கிலாந்துக் கடற்கரை என்று பெயரிட்டார். கோடையில் வயல் வேலை முடிந்ததும் மாணவர்கள் அங்கு நீந்துவர். அக்ரூட் கொட்டைகளின் புதைபடிவங்களையும் தேடி எடுப்பர். விளையாட்டாகத் தொடங்கிய இத்தேடலின் விளைவாக, 1925இல் தொகொக்கு பல்கலைக்கழகத்தின் புவியியல் அறிஞர் ஹயசாகா இச்சிரோ நேரில் வந்து அப்படிவங்களைச் சேகரித்தார். இவ்விடத்தைப் பற்றி கென்ஜி எழுதிய உரைநடைப் படைப்பில் வரும் ஆசிரியர், மாணவன் ஒருவன் ஆற்றில் மூழ்கினால் தம்மால் மீட்க இயலாது என்றும், ஆகவே தாமும் குதித்து அவனுடன் போவதென்றும் எண்ணியிருந்ததை ஒப்புக்கொள்கிறார். ஆசிரியப் பணியை அவர் எவ்வளவு கனமாகக் கருதினார் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

1922 நவம்பரில் தோஷி இறந்தார். அடுத்த கோடையில் கென்ஜி வடக்கே கராஃபுதோ (சகாலின்) வரை பயணம் செய்தார். தம் மாணவர்களுக்குக் காகித ஆலையில் வேலை தேடுவதே அப்பயணத்தின் நோக்கமாகச் சொல்லப்பட்டது. ஆயினும் அப்பயணத்தில் எழுதிய கவிதைகள் முழுவதும் தங்கையைத் தேடுவனவாகவே உள்ளன.

1924இல் கவிதைத் தொகுப்பு ஒன்றையும் சிறுவர் கதைத் தொகுப்பு ஒன்றையும் வெளியிட்டார், இரண்டும் விற்கவில்லை. அவ்வாண்டு மே மாதம் மாணவர்களுடன் ஹொக்கைடோவுக்குச் சென்று வந்து எழுதிய அறிக்கையில், அங்கு விற்கப்படும் சுண்ணாம்புக்கல் தூளைத் தனியே குறித்துள்ளார். ஆகஸ்டில் தாம் எழுதிய நாடகங்களை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். அவற்றுள் ஒன்று, தவறான மருந்து சொல்லி உழவர்களின் பயிரை அழித்துவிடும் போலித் தாவர மருத்துவனைப் பற்றியது. கோபத்துடன் வரும் உழவர்கள் இறுதியில் அவன்மீது இரக்கம் கொள்கின்றனர். சில ஆண்டுகளில் இதே அச்சம் அவருடைய சொந்த வாழ்விலும் வந்தது.

பதவி விலகல்

அக்கால வேளாண் பள்ளிகளில் பயின்ற பலர் வயலுக்குத் திரும்பாமல் அலுவலக வேலைகளை நாடினர். உழவராகுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லும் தாம் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பது கென்ஜிக்குப் பொருந்தவில்லை. பதவியை விட்டு உழவராகும் எண்ணத்தை 1925ஆம் ஆண்டிலேயே கடிதமொன்றில் தெரிவித்த அவர், 1926 மார்ச் இறுதியில் விலகினார்.

ஊருக்கு வெளியே இருந்த குடும்ப வீடொன்றில் தனியே தங்கி, ஆற்றோர நிலத்தைத் திருத்திக் காய்கறிகளும் மலர்களும் பயிரிட்டார். ராசு நிலமாந்தர் சங்கம் என்ற பெயரில் உழவர்களையும் முன்னாள் மாணவர்களையும் கூட்டி, மண் வேதியியல், எஸ்பெராண்டோ மொழி முதலியவற்றைக் கற்பித்தார். சிறு இசைக்குழுவும் அமைத்தார். 1927இல் இதைப் பற்றி நாளிதழில் செய்தி வந்ததையடுத்துக் காவல்துறை விசாரித்தது, கூட்டங்கள் நின்றன.

இவற்றைவிடப் பயனுள்ளதாக அமைந்தது உரக் கணக்குப் பணியாகும். நிலத்தின் மண், நீர், வெயில், முன் விளைந்த பயிர் ஆகியவற்றைக் கேட்டறிந்து, எந்த உரம் எவ்வளவு இட வேண்டும் என எழுதிக் கொடுப்பார், கட்டணம் இல்லை. இவ்வாறு சுமார் 2000 கணக்குகள் எழுதியதாகக் கூறப்படுகிறது. குளிரைத் தாங்கும் ரிகு-ஊ 132 என்ற நெல் வகையையும் பரிந்துரைத்தார். ஆனால் உரம் வாங்கப் பணம் வேண்டும், பயிருக்கு வானிலையும் ஒத்துழைக்க வேண்டும். 1927 ஆகஸ்டில் மழையில் நெல் சாய்ந்தபோது, தம் கணக்கை நம்பியவர்களுக்கு நட்ட ஈடு தர வேண்டும் என்ற தவிப்பைக் கவிதையில் பதிந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்கு என்று இவரது உழவைக் கருதியவர்களும் ஊரில் இருந்தனர். அக்கருத்து முற்றிலும் நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. குத்தகையும் கடனும் இன்றிப் பயிரிட்டவர் அவர்.

இறுதிக் காலம்

1928இல் நுரையீரல் நோயால் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார். ஓரளவு தேறியதும் 1931இல் சுண்ணாம்புக்கல் ஆலை ஒன்றில் தொழில்நுட்பராகச் சேர்ந்து, சுண்ணாம்புத் தூளை உழவர்களிடம் கொண்டு செல்ல ஊர் ஊராக அலைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் தோக்கியோவில் நோய் முற்றியது. நவம்பரில் படுக்கையில் இருந்தபடி குறிப்பேட்டில் எழுதிய கவிதையே இன்று அவருடைய மிகப் புகழ்பெற்ற படைப்பு.

1933 செப்டம்பர் 20ஆம் நாள் மாலை, உரம் பற்றிக் கேட்க உழவர் ஒருவர் வந்தார். கென்ஜி உடை மாற்றி இறங்கி வந்து, நெடுநேரம் பொறுமையாக விடையளித்தார். மறுநாள் காலமானார், வயது 37.

கவிஞர் குசானோ ஷிம்பெய் முதலியோரின் முயற்சியால் 1934 முதல் அவருடைய கையெழுத்துப் படிகள் நூல்களாக வெளிவந்தன. அவர் தனியே வாழ்ந்த வீடு பின்னர் ஹனமாகி வேளாண் மேல்நிலைப் பள்ளி வளாகத்துக்கு மாற்றப்பட்டது. தாம் கீழே உள்ள வயலில் இருப்பதாக வருவோருக்கு அறிவிக்கும் அவருடைய சிறு கரும்பலகை அவ்வீட்டின் வாயிலில் உள்ளது.