டாக்டர் கோனிக்கும் நமது கோரைகளும்

ஏரிக்கரையில் நிற்கும் பசும்புதரைக் கண்டவுடன் கோரை என்று ஒரே சொல்லாற் சொல்லி அப்பாற் செல்வது நம்மவர் வழக்கம். அப்புதருக்குள் எத்தனை சாதிகள் உண்டென்பதைச் சேற்றிலிறங்கிப் பார்த்தவருள் முன்னிற்பவர் ஜோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்னும் வைத்தியர். அவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

இவர் 1728ஆம் வருஷம் லிவோனியா நாட்டிற் பிறந்தார். ஸ்வீடன் தேசத்துத் தாவர நூற்பேராசானாகிய லின்னேயஸ் என்பாரிடம் பயின்று, 1764-65ஆம் வருஷங்களில் ஐஸ்லாந்துத் தீவின் செடிகளை ஆராய்ந்தார். 1768இல் டேனிய மிஷனின் வைத்தியராகத் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். பனிநாட்டினின்று வந்தவருக்குக் காவிரிக் கழிமுகத்தின் வயலும் குட்டையும் உப்பங்கழியும் புதையலாகத் தோன்றின போலும்! அங்கே அவர் கண்ணைக் கவர்ந்தவற்றுட் கோரையும் ஒன்று.

கோரையை அறிதல் எளிதன்று. புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டு, உட்டுளையும் கணுவும் உடையதாய், இலைகளை இரு வரிசையிற் காட்டும். கோரையின் தண்டோ பெரும்பாலும் முப்பட்டையாய், உள்ளீடு நிறைந்து, இலைகளை மூவரிசையில் நிறுத்தும். இலையுறையும் பிளவின்றி மூடியிருக்கும். இவ்வளவும் விரலால் தடவியே அறியலாம். கோரைக்குள் ஒன்றினின்று மற்றொன்றைப் பிரிப்பதிலேதான் சங்கடம் உள்ளது. அதற்குப் பூங்கதிரையும், அதனுள்ளிருக்கும் எள்ளினுஞ் சிறிய கனியையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்தல் வேண்டும். சிற்றிலைச் செதில்கள் இருபுறமும் அடுக்கப்பட்டனவா, சுற்றிலும் சுருளாக அமைந்தனவா? சூல்முடி இரண்டாய்ப் பிரிகின்றதா, மூன்றாயா? கனி தட்டையா, முப்பட்டையா? இவற்றைப் பாராமல் பேரிடுவோர் ஏமாறுவர். யாமும் ஒருமுறை தண்டின் முனையில் உருண்டைத் தலை தாங்கிய சிறு கோரையொன்றைக் கிழங்குக்கோரை என்று துணிந்து கூறி, வேரைத் தோண்டிக் கிழங்கு காணாது வெட்கினோம்.

கோனிக் தாம் சேர்த்த கோரைகளைக் கோப்பன்ஹேகனில் இருந்த பேராசிரியர் ரொட்பொல் அவர்களுக்கு அனுப்பினார். அப்பேராசிரியர் 1773இல் சித்திரங்களுடன் வெளியிட்ட நூலில் அவற்றுட் பல இடம்பெற்றன. கில்லிங்கா, பூரேனா என்னும் இனங்கள் அந்நூலிலேயே பேர் பெற்றன. பாய் முடைதற்குரிய நெடுங்கோரைகள் இரண்டும் அதில் தனித்தனியே வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றன் சாஸ்திரப் பேர் ஸைபீரஸ் பங்கோரெய் என்பது. அப்பேருள் நமது கோரை என்னும் சொல் அப்படியே வீற்றிருக்கிறது. தரங்கம்பாடிப் பக்கத்திற் கோரையறுத்த யாரோ ஒருவரின் வாய்மொழி இலத்தீன் நூலேறியது இவ்வாறே போலும். அவர் பேரை எவரும் எழுதி வைத்திலர்.

கோனிக்கும் அவரைப் போலவே பெரும்பாலும் பிறர் நூல்களின் வழியே அறியப்படலானார். தாம் கண்டவற்றை ஒரு பெரிய நூலாக்க அவருக்கு அவகாசம் கிட்டவில்லை. மிஷன் தந்த ஊதியம் அவரது யாத்திரைகளுக்குப் போதாமையால் 1774இல் ஆர்க்காட்டு நவாபின் சேவையில் அமர்ந்தார். 1778இல் சென்னையிற் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் இயற்கைநூலறிஞரானார். சயாம், மலாக்கா முதலிய தேசங்களுக்கும் சென்று மீண்டார். அவரது இஞ்சிக்குல ஆராய்ச்சியை 1783இல் ஸ்வீடன் அறிஞர் ரெட்ஸியஸ் தமது நூலிற் சேர்த்து அச்சிட்டார். அயலார் ஏட்டில் விருந்தாளியாக நிற்பதே அவர் விதி என்று எமக்குத் தோன்றுகிறது. ஆயினும் ஆசிரியர் லின்னேயஸ் மாணவரை மறந்தாரல்லர்: ஐஸ்லாந்துச் செடியொன்றுக்கும், நாம் நாள்தோறும் ரசத்திலிட்டுப் பின் இலையோரம் ஒதுக்கும் கறிவேப்பிலைக்கும் கோனிக்கின் பேரையே சூட்டினார்.

1785ஆம் வருஷம் ஜூன் மாதம், காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் கோனிக் காலமானார். அவருக்கு அப்போது வயது ஐம்பத்தேழுக்கு மேற்படவில்லை. அச்சேறாத அவரது கையெழுத்துக் குறிப்புகள் அவர் விருப்பப்படியே லண்டனிலிருந்த ஸர் ஜோஸப் பாங்க்ஸ் அவர்களைச் சென்றடைந்தன.