அடுக்கி வைத்த நினைவு: சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்

திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் மின்தொடர் வண்டியில் சென்னை சென்றிறங்கும் நம் மாணவர்கள், மூர் மார்க்கெட் வளாகத்தை அடுத்துச் செந்நிறக் கட்டடமொன்றைக் கண்டிருப்பர். அதுவே விக்டோரியா பொது மண்டபம். 1907 மார்ச் 10 அன்று செய்குத்தம்பிப் பாவலர் அங்கேதான் சதாவதானம் நிகழ்த்திச் சான்றோரை வியக்க வைத்தார்.

நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில், பக்கீர் மீரான் சாகிபு, அமீனா அம்மையார் ஆகியோரின் மகனாக 1874 ஜூலை 31 அன்று பாவலர் பிறந்தார். அப்பகுதி அந்நாளில் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தமையால், பள்ளியில் அவர் பயின்றது மலையாளமே. தமிழைச் சங்கரநாராயண அண்ணாவியாரிடம் முறையாகக் கற்றுத் தேர்ந்தார். பின்னர்ச் சென்னையில் பதிப்புப் பணியில் அமர்ந்தார். சீறாப்புராணத்திற்கு உரையும் கண்டார்.

சதம் என்பது நூறு. அவதானம் என்பது கவனம். ஒருவர் மணியடிப்பார்; மற்றொருவர் முதுகிற் சிறு கற்களை எறிவார்; வேறொருவர் செய்யுளொன்றின் எழுத்துக்களை முன்பின்னாக ஒவ்வொன்றாய்ச் சொல்வார்; இன்னொருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். இடையிடையே வரும் இவை யாவற்றையும் மனத்திலிருத்தி, இறுதியில் பிழையின்றி ஒப்புவித்தல் வேண்டும்.

இதனைப் பிறவிப் பேறு என்று போற்றி அமைந்துவிடுதல் நம்மவர் வழக்கம். நமக்கு அதில் முழு உடன்பாடில்லை. அவதானியின் நினைவைத் தாங்குவது யாப்பே என்பது நம் கருத்து. உதிரிச் சொற்கள் நழுவும். எதுகையும் தளையும் பிணித்த சொற்கள் தத்தம் இடத்தில் நிற்கும். துருக்கன், இராமன் என்னும் இரு பெயர்களையும் கோத்த ஈற்றடியொன்றைக் கொடுத்து, இசுலாமியராகிய பாவலரை மடக்க ஒருவர் முயன்றாராம். சத்துருக்கன் என்னும் பெயருக்குள் துருக்கனை அடக்கி, அக்கணமே வெண்பாவை முடித்தார் பாவலர் என்பர். யாப்பின் வரிசையில் அச்சொல்லுக்குரிய இடத்தை அவர் கண்ட விரைவை இங்கு நோக்குக!

மனம் ஒருங்கே ஏற்பது ஏறத்தாழ ஏழு கூறுகளையே என்றும், சிறியவற்றைச் சேர்த்துப் பெருங்கூறாக்கினால் மிகுதியாக ஏற்கலாம் என்றும் 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். கனடா நாட்டு உளவியலறிஞர் எண்டல் டல்விங் 1966இல் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். சொற்பட்டியலின் ஒரு பகுதியை முன்னரே மனனம் செய்தோர், முழுப் பட்டியலையும் கற்கையில் ஒரு கட்டத்திற்குப்பின் மற்றவரைவிடப் பின்தங்கினர். பழைய அடுக்கு புதியதற்கு இடந்தரவில்லை. தேர்வுக்கு முன்னிரவில் பாதிப் பாடத்தை உருப்போடும் மாணவர் இதனை நன்கறிவர்! அவதானிக்கோ நொடிதோறும் இவ்விடர் உண்டு. ஒரு வினாவின் அடுக்கை அடுத்த வினாவுக்குத் தடையாகாமல் ஒதுக்கி வைத்தாலன்றி நூறு வினாக்கள் கைகூடா. நினைவில் இருத்துவதினும் இதுவே அரிது எனலாம்.

பாவலர் 1950 பிப்ரவரி 13 அன்று மறைந்தார். இடலாக்குடி அரசு மேனிலைப்பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.