நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை

நாமக்கல் கவிஞர் என்று அழைக்கப்படும் வெ. இராமலிங்கம் பிள்ளை (அக்டோபர் 19, 1888 - ஆகஸ்ட் 24, 1972) தமிழகத்தைச் சேர்ந்த கவிஞர், நாவலாசிரியர், ஓவியர், விடுதலைப் போராட்ட வீரர் ஆவார். காந்தியடிகளின் கொள்கைகளைத் தமிழ்ப் பாடல்களாக்கி மக்களிடம் கொண்டு சென்றதால் காந்தியக் கவிஞர் எனவும் அறியப்படுகிறார். சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞராக விளங்கியவர். இவர் எழுதிய மலைக்கள்ளன் என்னும் நாவல் திரைப்படமாகி, 1954ஆம் ஆண்டுக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது. எனினும் மூலமான நாவல் சாகித்திய அகாதமி பரிசு பெறவில்லை.

வாழ்க்கைக் குறிப்பு

இராமலிங்கம் பிள்ளை அப்போதைய சேலம் மாவட்டத்தில் காவிரிக் கரையில் அமைந்துள்ள மோகனூரில் வெங்கடராம பிள்ளை, அம்மணி அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். மோகனூர் இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் காவல்துறையில் பணிபுரிந்தவர். நாமக்கல்லிலும் கோயம்புத்தூரிலும் பள்ளிக் கல்வி பயின்ற இவர், பின்னர் திருச்சிராப்பள்ளியில் கல்லூரியில் படித்தார். சிறிது காலம் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகவும், தொடக்கப்பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றினார்.

இளமையிலேயே ஓவியத்தில் தேர்ந்து, அதையே தொழிலாகவும் கொண்டார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குப் பாரத மாதா முடி சூட்டுவதாக இவர் வரைந்த ஓவியம் தங்கப் பதக்கம் பெற்றது. ஆகவே இவருக்குக் கிடைத்த முதற்பெரும் பரிசு எழுத்துக்காக அன்றி ஓவியத்துக்காகக் கிடைத்தது ஆகும். கானாடுகாத்தானில் சுப்பிரமணிய பாரதியாரைச் சந்தித்துத் தம் பாடலைப் பாடிக்காட்டி அவருடைய பாராட்டைப் பெற்றார்.

விடுதலைப் போராட்டம்

காங்கிரசில் இணைந்து நாமக்கல் வட்டாரத்தில் இயக்கப் பணி ஆற்றினார். 1930 ஏப்ரலில் இராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்கள் நடந்து சென்று உப்புச் சத்தியாகிரகம் செய்தனர். அவர்கள் வழிநடைப் பாடலாகப் பாடிச் சென்றது இவர் இயற்றிய பாடலே. வன்முறையற்ற போராட்டத்தின் தன்மையை எளிய சொற்களில் விளக்கிய அப்பாடல் தமிழகம் முழுவதும் பரவியது. 1932இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

மலைக்கள்ளன்

கவிஞராகவே பெரிதும் அறியப்பட்ட இராமலிங்கம் பிள்ளை உரைநடையிலும் பல கதைகளை எழுதினார். அவற்றுள் புகழ்பெற்றது மலைக்கள்ளன். செல்வர் வீட்டுப் பெண்ணான பூங்கோதை கடத்தப்படுகிறாள். ஊரார் கொள்ளைக்காரன் என்று அஞ்சும் மலைக்கள்ளன் அவளைக் காப்பாற்றுகிறான். தீயவன் எனப் பெயர் பெற்றவன் நல்லவனாகவும், ஊரில் பெரிய மனிதராக உலவுவோர் குற்றவாளிகளாகவும் வெளிப்படுவது கதையின் கரு. மாறுவேடம், துப்பறிதல், காதல் ஆகியவை கலந்த விறுவிறுப்பான கதையமைப்பை உடையது.

கோயம்புத்தூர் பட்சிராஜா நிறுவனத்தின் சார்பில் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு இக்கதையைப் படமாக்கினார். ம. கோ. இராமச்சந்திரனும் பானுமதியும் நடித்தனர். மு. கருணாநிதி உரையாடல் எழுதினார். காந்தியவாதி ஒருவரின் கதைக்குத் திராவிட இயக்க எழுத்தாளர் ஒருவர் வசனம் எழுதியது குறிப்பிடத்தக்கது. 1954இல் வெளியான இப்படம் பெரும் வெற்றி பெற்றது. தொடர்ந்து இதே கதை பின்வரும் மொழிகளில் படமானது:

* தெலுங்கு - அக்கி ராமுடு (1954)
* இந்தி - ஆசாத் (1955)
* மலையாளம் - தஸ்கரவீரன் (1957)
* கன்னடம் - பெட்டத கள்ள (1957)
* சிங்களம் - சூரசேன (1957)

தெலுங்கில் என். டி. இராமராவும், இந்தியில் திலீப் குமாரும் கதைத்தலைவனாக நடித்தனர்.

பரிசும் நாவலும்

மலைக்கள்ளன் படம் வெளியான அதே 1954இல்தான் சாகித்திய அகாதமி தொடங்கப்பட்டது. அதன் முதல் தமிழ்ப் பரிசு 1955இல் ரா. பி. சேதுப்பிள்ளையின் தமிழ் இன்பம் என்னும் கட்டுரை நூலுக்குக் கிடைத்தது. 1971 வரை கல்கியின் அலை ஓசை (1956), மு. வரதராசனின் அகல் விளக்கு (1961), அகிலனின் வேங்கையின் மைந்தன் (1963), நா. பார்த்தசாரதியின் சமுதாய வீதி (1971) ஆகிய நான்கு தமிழ் நாவல்கள் அப்பரிசைப் பெற்றன. அலை ஓசைக்கான பரிசு கல்கி மறைந்த பின்னரே வழங்கப்பட்டது. இப்பட்டியலில் நாமக்கல் கவிஞரின் நூல் எதுவும் இடம்பெறவில்லை.

திரைப்படத்திற்கு வழங்கப்பட்ட பதக்கம் படத்துக்கு உரியது. மூலக்கதைக்கு உரியது அன்று. படத்தின் புகழ் வளர வளர மலைக்கள்ளன் என்ற பெயர் நடிகரோடு இணைந்ததேயன்றி எழுதியவரோடு இணையவில்லை. கவிஞர் என்ற அடையாளமும் நாவலாசிரியரை மறைத்தது. அரசு இவருக்கு அளித்த சிறப்புகள் கவிதைக்காகவும் நாட்டுப் பணிக்காகவும் அளிக்கப்பட்டவை. ஆறு மொழிகளில் மக்கள் பார்த்து மகிழ்ந்த ஒரு கதை, நூல் வடிவில் உரிய கவனம் பெறாமல் போனதற்கு இந்நாவல் ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

எழுதிய நூல்களில் சில

* தமிழன் இதயம் (கவிதை)
* சங்கொலி (கவிதை)
* அவனும் அவளும் (கவிதைக் கதை)
* மலைக்கள்ளன் (நாவல்)
* காணாமல் போன கல்யாணப் பெண் (நாவல்)
* இலக்கிய இன்பம் (கட்டுரை)
* திருவள்ளுவரும் பரிமேலழகரும் (ஆய்வு)
* என் கதை (தன்வரலாறு)

சிறப்புகள்

* 1949இல் சென்னை மாகாண அரசின் அரசவைக் கவிஞராக நியமிக்கப்பட்டார்.
* சட்ட மேலவை உறுப்பினராகப் பணியாற்றினார்.
* 1971இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது.

மறைவும் நினைவும்

ஆகஸ்ட் 24, 1972 அன்று இராமலிங்கம் பிள்ளை காலமானார். நாமக்கல்லில் இவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக்கப்பட்டு அங்கு நூலகம் அமைக்கப்பட்டது. சென்னைத் தலைமைச் செயலக வளாகத்தில் உள்ள பத்து மாடிக் கட்டடத்திற்கு நாமக்கல் கவிஞர் மாளிகை எனப் பெயர் சூட்டப்பட்டது. இவருடைய நூல்கள் தமிழக அரசால் நாட்டுடைமை ஆக்கப்பட்டுள்ளன. அதனால் மலைக்கள்ளன் உள்ளிட்ட நாவல்களை எவரும் பதிப்பிக்க வழி ஏற்பட்டது. படத்தை மட்டும் அறிந்தவர்கள் மூல நாவலையும் படித்து ஒப்பிட்டுப் பார்க்க இது உதவுகிறது.