சிறைமுகாமில் பழகிய உதை

நம் பள்ளி மைதானத்தில் ஆடப்படாத விளையாட்டு ரக்பி. முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடி, எதிரணியின் கோட்டைக் கடந்து தரையில் பதித்தால் அது 'டிரை'. எதிரணி தவறு செய்தால், பந்தைத் தரையில் நிறுத்தி, இரு கம்பங்களுக்கிடையே குறுக்குச் சட்டத்தின் மேலாக உதைக்கலாம். இதுவே தண்டனை உதை. அந்நாளில் இரண்டுக்கும் 3 புள்ளிகளே. இந்த உதையால் பெயர் பெற்றவர் தென் ஆப்பிரிக்காவின் ஓக்கி கெஃபின்.

1921-இல் ஜோகன்னஸ்பர்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போரில் படைவீரரானார். 1942 ஜூன் மாதம் லிபியாவின் தோப்ருக் கோட்டை வீழ்ந்தபோது சிறைப்பட்டு, பின்னர் போலந்தில் ஜெர்மானியர் நடத்திய முகாமில் வைக்கப்பட்டார். யூதர் ஒருவருக்கு அங்கு ஒவ்வொரு நாளும் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். அங்கே கைதிகள் ரக்பி ஆடினர். கெஃபின் பந்தை நிறுத்தி வைத்து உதைத்து உதைத்துப் பழகினார். வேறு வேலைதான் ஏது!

1949-இல் நியூசிலாந்து அணி தென் ஆப்பிரிக்காவுக்கு வந்தது. நிறவெறிக் கொள்கையால் மவோரி வீரர்கள் அழைத்து வரப்படவில்லை. இந்த வெற்றிக் கதையைச் சொல்லும்போது இதை மறைப்பது நியாயமன்று.

கேப் டவுனில் நடந்த முதல் டெஸ்டில் தென் ஆப்பிரிக்கா ஒரு டிரைகூட எடுக்கவில்லை. நியூசிலாந்து ஒன்று எடுத்தது. ஆயினும் தென் ஆப்பிரிக்கா 15-11 என வென்றது. அந்த 15 புள்ளிகளும் கெஃபினின் ஐந்து தண்டனை உதைகளால் வந்தவை! அவரோ முன்வரிசையில் நின்று எதிரணியை முட்டித் தள்ளும் கனத்த ஆட்டக்காரர். அத்தகையோர் பொதுவாக உதைப்பதில்லை. டர்பனில் நடந்த மூன்றாம் டெஸ்டிலும் இதே கதைதான்: அவருடைய மூன்று உதைகளால் 9-3. நான்கு டெஸ்டுகளிலும் தென் ஆப்பிரிக்காவே வென்றது. அணி எடுத்த 47 புள்ளிகளில் 32 அவருடையவை.

டிரை எடுக்காமல் வெல்வது வெற்றியா என்ற குறை எழுந்தது. விதி அனுமதித்ததை அவர் பிழையின்றிச் செய்தார் என்பதே நம் எண்ணம்.

1951-இல் ஸ்காட்லாந்தை 44-0 என வென்ற ஆட்டத்திலும், டிரைக்குப் பின் உதைக்கும் உதைகளில் ஏழினை வெற்றியாக்கினார். அத்துடன் ஏழு டெஸ்டுகளே கொண்ட அவரது சர்வதேச வாழ்வு அவ்வாண்டே முடிந்தது. 2004-இல் காலமானார்.

1959-இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி நான்கு டிரைகள் எடுத்தும் 17-18 எனத் தோற்றது. அன்று ஆறு தண்டனை உதைகளால் வென்ற டான் கிளார்க், நியூசிலாந்துக்காரர்!