பாபாசாகேபின் கையொப்பம்

தில்லி மாநகரில், யமுனையின் கீழ்க்கரையிலுள்ள மயூர் விஹாரில் வாழும் தமிழ்ப் பௌத்த அன்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்ற பௌர்ணமியன்று தம்மம் உரைக்கச் சென்றிருந்தோம். அவர் கண்ணாடிச் சட்டமிட்ட பழைய காகிதமொன்றை நம்மிடம் காட்டினார். அது அண்ணல் அம்பேத்கர் கையொப்பமிட்ட கடிதமென்று கூறி, வியாபாரி ஒருவர் பார்வைக்கு விட்டுச் சென்றாராம். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருக்கும் பணத்தைக் கொடுத்து அதனை வாங்கலாமா என்று அன்பர் நம்மை வினவினார். விடையாக நாம் அண்ணலின் சரித்திரத்தையே கூறினோம்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் மஊ நகரில், படையில் சுபேதாராக இருந்த ராம்ஜியின் பதினான்காவது மகவாக அண்ணல் பிறந்தார். பள்ளியில் தனியே கோணிமேல் அமர்ந்தார்; தண்ணீர்ப் பானையைத் தொட அவருக்கு உரிமையில்லை. பரோடா மன்னர் சாயாஜிராவின் உதவித்தொகையால் 1913இல் நியூயார்க் சென்று கொலம்பியாவில் பயின்றார். பின்னர் இலண்டனில் டாக்டர் பட்டமும் பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். 1927இல் மஹாத் நகரப் பொதுக்குளத்தின் நீரை மக்களோடு சென்று பருகினார். 1932 செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்; நம் இரட்டைமலை சீனிவாசனாரும் எம். சி. ராஜாவும் அதில் ஒப்பமிட்டனர்.

வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் இருந்த காலத்தில் எடுத்த முயற்சியால், வாரம் 54 மணியாக இருந்த ஆலை வேலை நேரம் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 48 மணியாயிற்று. ஆலையில் உழைத்த நாம் இதனை எங்ஙனம் மறப்போம்?

அதே 1946இல் அண்ணல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் டுபாய்ஸ் அவர்களுக்கு ஒரு கடிதம் விடுத்தார். ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பின மக்கள் அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதிகளை அதில் வேண்டினார். தீண்டப்படாத மக்களும் அவ்வழியே முறையிடலாமென்பது அவர் எண்ணம். ஜூலை 31இல் டுபாய்ஸ் மறுமொழி எழுதினார். இன்று அக்கடிதம் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் டுபாய்ஸின் ஏடுகளோடு இருக்கிறது. அதன் படத்தை எவரும் காசின்றிக் காணலாம்.

அண்ணல் சட்ட அமைச்சராகி, இந்து சட்ட மசோதா கைவிடப்பட்டதால் 1951இல் பதவி துறந்தார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் தம்மம் ஏற்றார். டிசம்பர் 6இல் இதே தில்லியில், அலிப்பூர் சாலை 26ஆம் எண் இல்லத்தில் மறைந்தார்.

சம்பளப் பதிவேட்டில் கைந்நாட்டு வைத்த தந்தைக்குப் பிறந்தவர் நாம். ஆதலின் ஒரு கையொப்பத்தின் அருமையை அறியாதவரல்லோம். ஆயினும் மூலம் விளங்காத காகிதத்தை நம்பலாகாது. எவர்க்கு எழுதப்பட்டது, எவர் கைகளின் வழியே வந்தது என்பதற்கு வியாபாரி சான்று காட்டவேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 75 ஆண்டுகள் கடந்த சரித்திரச் சிறப்புடைய ஆவணங்களை விற்கும் வியாபாரிக்கு உரிமம் வேண்டும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யவும் தடையுண்டு. மெய்யான கடிதமாயின், அது இருக்கத்தக்க இடம் பலரும் படிக்கும் நூலகமே.

அன்பர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர்ச் சட்டத்தைத் துணியில் சுற்றி, வியாபாரியிடம் திருப்பித் தருவதற்காக வாசலருகே வைத்தார். மறுவாரம் மகளின் கட்டணம் செலுத்தப்பட்டது. கல்லூரிச் சேர்க்கைத் தாளில் அப்பெண் இட்ட கையொப்பத்தை அவர் நம்மிடம் காட்டியபோது, அண்ணலின் உழைப்பு வீண்போகவில்லையென்று மகிழ்ந்தோம்.