ஹியூம் துரையின் குருவி

டெல்லியில் குளிர் தொடங்கியதும் ரிட்ஜ் காட்டிலும் லோடி தோட்டத்திலும் ஒரு சின்னஞ்சிறு பச்சைக் குருவி வந்து சேர்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இந்தப் பறவையின் பெயர் ஹியூம் கதிர்க்குருவி. காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்த அதே ஆலன் ஆக்டேவியன் ஹியூமின் பெயர்தான் இதற்கு இடப்பட்டுள்ளது.

1829-ல் பிறந்த ஹியூம், இருபது வயதில் இந்தியா வந்தார். எட்டாவா ஜில்லாவில் உத்தியோகம் பார்த்தபோது ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் திறந்தார். 1871-ல் வருவாய், விவசாய, வர்த்தக இலாகாவின் செயலாளரானார். மேலிடத்தில் இருப்பவர்களிடமும் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுவது அவர் சுபாவம். 1879-ல் அந்தப் பதவி பறிபோயிற்று.

கச்சேரி வேலை போக மீதி நேரமெல்லாம் அவருக்குப் பறவைகள்தான். பாடம் செய்த பறவைகளையும் முட்டைகளையும் நாடெங்கும் சேகரித்தார். பறவைகளுக்கென்றே ஒரு பத்திரிகையும் நடத்தினார். அவருடைய நண்பர் புரூக்ஸ் ரயில்வே எஞ்சினீயர். 1878-ல் இந்தக் குருவியை விவரித்து, அதற்கு ஹியூமின் பெயரைச் சூட்டியவர் அவரே.

சைபீரியாவில் இதற்கு ஒரு நெருங்கிய உறவுக் குருவி உண்டு. இரண்டையும் அருகருகே வைத்தாலும் வேற்றுமை காண்பது கடினம். அதனால் நெடுங்காலம் நூல்கள் இரண்டையும் ஒரே இனமாகவே எழுதிவந்தன. ஆனால் குரல் வேறு. சைபீரியக் குருவி மெல்லிய சில சுரங்களைப் பாடும். மேற்கு இமயத்திலும் மத்திய ஆசிய மலைகளிலும் கூடு கட்டும் ஹியூம் குருவியோ, வண்டு ரீங்காரம்போல் நீட்டி இழுக்கும். கரோல்பாக்கில் எதிரே வரும் தமிழர் நெல்லைக்காரரா, கோவைக்காரரா என்பது அவர் வாய் திறந்த பிறகுதானே தெரிகிறது!

நெல்லையும் கோவையும் சம்பந்தம் செய்துகொள்ளும். குருவிகளுக்கு அது எளிதல்ல. ஆண் குருவி தன் எல்லையைக் காப்பதும் துணையை அழைப்பதும் பாட்டால்தான். பாட்டு மாறினால் உறவும் விலகிப்போகிறது. குரலையும் மரபணுவையும் ஒப்பிட்ட ஆய்வுகளுக்குப் பின் இன்று இரண்டும் தனித்தனி இனங்களாகவே கருதப்படுகின்றன.

இதையெல்லாம் அறிய ஹியூம் இல்லை. இந்தியப் பறவைகளைப் பற்றி ஒரு பெருநூல் எழுதப் பல்லாண்டு குறிப்புகள் சேர்த்திருந்தார். 1880-களின் முற்பகுதியில், அவர் சிம்லா வீட்டில் இல்லாத குளிர்காலம் ஒன்றில், அந்தக் காகிதங்களெல்லாம் கடைவீதியில் பழைய காகித விலைக்குப் போய்விட்டன. மனமுடைந்த ஹியூம் நூல் முயற்சியைக் கைவிட்டார். சுமார் 82,000 எண்ணிக்கை கொண்ட தம் சேகரிப்பை 1885-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் கூடியது. 72 பிரதிநிதிகள் வந்திருந்தனர். முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சென்னையின் ஜி. சுப்பிரமணிய ஐயர். பறவைகளுக்குத் தந்த உழைப்பை இனி ஹியூம் இந்தியர்களின் குரல் சர்க்கார் காதில் விழுவதற்காகத் தந்தார். 1894-ல் தாய்நாடு திரும்பிய அவர், 1912-ல் காலமானார்.

அவர் சேர்த்த பறவைகள் இங்கிலாந்தில் இழுப்பறைகளில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்குக் குரல் இல்லை. அவர் பெயரைத் தாங்கிய குருவியின் குரலைக் கேட்க, குளிர்கால ஞாயிறு ஒன்றில் லோடி தோட்டம் வரை போய்வந்தால் போதும்.